எரிபொருள் விலையும் ஏரிக்கரை நியாயமும்

உத்திரமேரூரிலிருந்து திரும்பும் வழியில் தொடங்கிய வாக்குவாதம் இது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து ஊராட்சி விதிகளை மறுபடியும் ஒருமுறை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்த மகிழ்ச்சியோடு, ஒரே காரில் ஐவராக நெருக்கியடித்துக்கொண்டு வாலாஜாபாத், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். வல்லம் வடகாலை நெருங்கியபோது ஷிப்டு மாறும் நேரம். வெள்ளை நிறக் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவற்றின் இடுக்குகளில் இருசக்கர வண்டிகள். இவற்றுக்கு நடுவே, புதுக்கார்களைச் சுமந்த நீண்ட லாரிகள். எங்கள் கார் அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே எண்ணெய் குடித்தது.

"லிட்டர் இருநூறு ரூபாய் என்று வைத்தால்தான் இந்தப் புகை அடங்கும்" என்றார் நண்பர்களில் ஒருவர். "புகை அடங்குமோ என்னவோ, இதோ போகிறார்களே, இவர்கள் வீட்டு அடுப்பு அடங்கிவிடும்" என்றார் இன்னொருவர். சென்னை வந்து சேரும்வரை இரு கட்சிகளும் ஓயவில்லை. வரலாற்றில் ஆர்வம் கொண்டவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். இந்தக் கேள்விக்கு வரலாறு என்ன விடை வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

முதலில் விலையேற்றக் கட்சியின் வாதத்தை அதற்குரிய மரியாதையுடன் எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் ஆர்தர் செசில் பிகூ 1920இல் வெளியிட்ட நலப் பொருளியல் நூலில் ஆலைப் புகையை உதாரணமாகக் காட்டினார். புகைபோக்கியை வைத்திருப்பவர் நிலக்கரிக்குப் பணம் கொடுக்கிறார். ஆனால் கரி படிந்த துணியை மீண்டும் துவைக்கும் அண்டைவீட்டாருக்கு எதுவும் கொடுப்பதில்லை. பிறர் தலையில் விழும் இந்தச் செலவை வரியாக விலையிலேயே ஏற்றிவிட்டால், புகைப்பவர் தாமே குறைத்துக்கொள்வார். எளிய, நேர்மையான வாதம். பின்லாந்து 1990இலும் சுவீடன் 1991இலும் கரிமத்துக்கென்றே வரி விதித்ததற்கு வேர் இங்குதான் இருக்கிறது. ஆக, "விலையேற்றம் ஏழைகளுக்கு எதிரானது" என்ற ஒரே வரியில் இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அது நம் மண்ணில் எப்படி நடந்துகொண்டது என்பதே கேள்வி.

சீமெண்ணெயிலிருந்து கரிவாயு வரை

சென்னைக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது எம்டனை மறக்க இயலாது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியபோது பற்றியெரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். பர்மாவிலிருந்து வந்த சீமெண்ணெய் தமிழகத்தின் வீட்டு விளக்குகளுக்குள் எப்போதோ புகுந்துவிட்டிருந்தது. 'கிருஷ்ணாயில்' என்று அதற்கு ஒரு செல்லப்பெயரும் கிடைத்துவிட்டது.

அந்தப் பர்மாவை 1942இல் ஜப்பான் பிடித்தது. சிரியம் சுத்திகரிப்பு ஆலையைப் பின்வாங்கிய ஆங்கிலேயரே அழித்துவிட்டுச் சென்றனர். பெட்ரோலுக்குக் கட்டுப்பாட்டுப் பங்கீடு வந்தது. தமிழகத்துச் சாலைகளில் கரிவாயுப் பேருந்துகள் ஓடின. பின்புறம் ஓர் உருளை அடுப்பு, அதில் மரக்கரி, அதை ஊதிவிட ஓர் ஆள். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை நம் பாட்டனார் தலைமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். பெட்ரோல் பயன்பாடு குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் அதற்கு ஈடாக மரங்கள் கரியாயின. ஓர் எரிபொருளை எட்டாததாக ஆக்கினால் மனிதர் பயணத்தை நிறுத்துவதைவிட வேறொன்றை எரிப்பதையே முதலில் தேடுகிறார்கள். நமது வரலாறு தரும் முதற்பாடம் இது.

இதே பாடத்தை ஈழத்தமிழர் இன்னும் கசப்பாகக் கற்றனர். 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடைக்குள் சிக்கியிருந்த யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கண்ணில் காண அரிதாயிற்று. சில சொட்டுப் பெட்ரோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் காரையும் ஓட்டினர் மக்கள். வெண்புகையும் நெடியும் சூழ்ந்த அந்தத் தெருக்களை நினைவுகூராத யாழ்ப்பாணத்து நண்பர் எவரையும் நாங்கள் கண்டதில்லை. மறுபுறம், ஊர் முழுதும் மிதிவண்டிக்கு மாறியதும் அதே காலத்தில்தான். குறுகிய தூரமும் சமதரையும் இருந்த இடத்தில் மிதிவண்டி மாற்று ஆயிற்று. இல்லாத இடத்தில் மண்ணெண்ணெய் மாற்று ஆயிற்று. பற்றாக்குறை எதை நோக்கித் தள்ளும் என்பதை அருகில் என்ன மாற்று இருக்கிறது என்பதே தீர்மானித்தது.

1973: மாட்டுவண்டியில் நாடாளுமன்றம்

விலை என்ற ஆயுதம் இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் உணரப்பட்டது 1973இல். அரபு நாடுகளின் ஏற்றுமதித் தடைக்குப் பிறகு, பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 1974 தொடக்கத்தில் பதினொரு டாலரைத் தாண்டியது. இந்திரா காந்தி அரசு பெட்ரோல் விலையை உயர்த்த, அதை எதிர்த்து 1973 நவம்பர் 12 அன்று அடல் பிகாரி வாஜ்பாயி நாடாளுமன்றத்துக்கு மாட்டுவண்டியில் வந்தார்.

அன்றைய விலையேற்றத்துக்குக் காரணம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு; சுற்றுச்சூழல் என்ற சொல்லே அந்த விவாதத்தில் இல்லை. பெட்ரோல் பணக்காரர் பொருள், மண்ணெண்ணெய் ஏழைகள் பொருள், டீசல் விவசாயிக்கும் லாரிக்கும் உரிய பொருள் என்றொரு வரிசை வகுக்கப்பட்டது. முன்னதற்கு வரியும் பின்னவற்றுக்குச் சலுகையும் அமைந்தன. நோக்கம் நல்லதே. ஆனால் ஒரே பீப்பாயிலிருந்து வடியும் மூன்று திரவங்களுக்கு மூன்று விதமான விலை வைத்தால் என்ன நேரும் என்பதை அடுத்த முப்பதாண்டுகள் காட்டின.

நியாய விலைக் கடை மண்ணெண்ணெய் லிட்டர் ஒன்பது ரூபாய் அளவில் இருந்தபோது, பெட்ரோல் நாற்பதைத் தாண்டிவிட்டிருந்தது. இடைவெளியில் கலப்படம் என்ற தொழில் செழித்தது. குடிசை விளக்குக்கு என்று ஒதுக்கிய எண்ணெய் லாரிகளிலும் ஆட்டோக்களிலும் எரிந்து கரும்புகையாயிற்று. உத்திரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கலப்படத்தைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி எஸ். மஞ்சுநாத் 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகாராஷ்டிரத்தின் மன்மாடு அருகே கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே 2011 ஜனவரியில் உயிரோடு எரிக்கப்பட்டார். பெட்ரோல் விலையை மட்டும் தனியே உயர்த்திக்கொண்டு போவது காற்றைத் தூய்மையாக்கும் என்று சொல்பவர்கள் இவ்விருவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரகடத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

இப்போது வல்லம் வடகால் வட்டாரத்துக்கே வருவோம். விலைக் கொள்கையின் விளைவை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நிலப்பரப்பு இந்தியாவில் வேறு சிலவே இருக்கக்கூடும்.

1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் அதன் முதல் கார் வெளிவந்தது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து அமைத்த ஆலை திறக்கப்பட்டது. மூன்றே மாதங்கள் கழித்து, 2010 ஜூன் 26 அன்று, மத்திய அரசு பெட்ரோல் விலையின்மீது தான் வைத்திருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. டீசல் மட்டும் சலுகை விலையிலேயே தொடர்ந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிக்கை அளித்த கிரித் பாரிக் குழு சொன்னது இதுவன்று. இரண்டின் விலையையும் விடுவியுங்கள், டீசல் காருக்கு 80,000 ரூபாய் கூடுதல் கலால் வரி போடுங்கள் என்றது அக்குழு. விவசாயிக்காகத் தரும் சலுகையைக் கார்க்காரர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அதன் கருத்து. அரசு பரிந்துரையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

விளைவு? 2012 மே 24 அன்று தில்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டி நின்றது. டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. கணக்குத் தெரிந்த நடுத்தர வகுப்பு டீசல் கார் வாங்கப் புறப்பட்டது. நாட்டில் விற்ற பயணியர் கார்களில் பாதிக்கு மேல் டீசல் வண்டிகளாயின. 2012 ஜூலையில் ஒரகடத்திலிருந்து வெளிவந்த ரெனோ டஸ்டர் காரின் டீசல் வகைகளுக்கு மக்கள் காத்திருந்து வாங்கினர். அதற்கு ஒரு மாதம் முன்னர், உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்திருந்தது.

பெட்ரோல் விலை ஏறியது, சுற்றுச்சூழல் கெட்டது. இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையா?

ஆனால் கதை இங்கே முடியவில்லை. விலையேற்றக் கட்சி நண்பருக்கு நியாயம் செய்ய மீதியையும் சொல்ல வேண்டும். 2013 ஜனவரி முதல் டீசல் மாதந்தோறும் ஐம்பது காசு அளவில் ஏற்றப்பட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலையும் விடுவிக்கப்பட்டது. இடைவெளி சுருங்கச் சுருங்க, டீசல் கார்களின் பங்கு ஆண்டுதோறும் சரிந்தது. 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 விதிகள் வந்தபோது ரெனோ, நிசான், மாருதி ஆகியவை இந்தியாவில் டீசல் கார்களையே கைவிட்டன. பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனது. ஆகவே விலைக்கு ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்த எரிபொருளை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை விலை வலுவாக முடிவு செய்கிறது. எவ்வளவு பயணம் செய்வார்கள் என்பதைப் பெரிதாக மாற்றவில்லை.

இதே வட்டாரத்துடன் தொடர்புடைய இன்னொரு சிறு கதையும் உண்டு. வல்லம் வடகாலில் 2017இல் ஆலை தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, 1955இல் திருவொற்றியூரில் பிறந்த நிறுவனம். 1990களில் அது 'டாரஸ்' என்ற டீசல் புல்லட்டை விற்றது. பால்காரரும் விவசாயியும் விரும்பி வாங்கிய வண்டி. லிட்டருக்கு அது தந்த தூரம் பெட்ரோல் வண்டிக்காரர்களைப் பெருமூச்சு விடவைத்தது. அதன் புகையும் அதற்கேற்றாற்போல் இருந்தது. விலை இடைவெளி பெற்றெடுத்த அந்தப் பிள்ளை புகை விதிகள் இறுகியபோது மறைந்தது.

காரீயமும் கந்தகமும்

புகை விதிகள் என்றோம். நம் காற்றைப் பொறுத்தவரை கடந்த முப்பதாண்டுகளில் நிகழ்ந்த மிகப்பெரிய நன்மை எது என்று கேட்டால், பெட்ரோலிலிருந்து காரீயம் நீக்கப்பட்டதையே நாங்கள் சொல்வோம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அந்த நஞ்சு, இன்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகச் சேர்க்கப்பட்டு வந்தது. 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் காரீயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. காரீயம் கலந்த பெட்ரோலை லிட்டர் ஆயிரம் ரூபாய்க்கு விற்றிருந்தாலும் அதிலிருந்து காரீயமே வந்திருக்கும்.

கந்தகமும் அப்படியே. 1990களின் நடுவில் டீசலில் பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. படிப்படியாகக் குறைந்து, பாரத் நிலை 4இல் ஐம்பது பங்கு, 2020 முதல் பத்துப் பங்கு. அதாவது ஆயிரத்தில் ஒன்று. மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகள் பெருஞ்செலவில் புதிய அலகுகள் அமைத்தன. அச்செலவு விலையிலும் ஏறியது. இங்கே விலையேற்றம் பின்னால் வந்த விளைவு. மாற்றத்தைக் கொண்டுவந்தது விதி. எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1998இல் இட்ட ஆணையால் தில்லிப் பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறியதும், 2017 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 3 வண்டிகளின் விற்பனைக்கு அதே நீதிமன்றம் தடை விதித்ததும் இந்த வரிசையில் சேரும்.

கரியமில வாயுவைப் பற்றி மட்டும் இதைச் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். எவ்வளவு தூய்மையான பெட்ரோலும் எரிந்தால் கரியமில வாயு வரும். அதைக் குறைக்க ஒன்று குறைவாக எரிக்க வேண்டும், அல்லது வேறெதிலாவது ஓட்ட வேண்டும். விலையின் பங்கு அங்கேதான் வருகிறது.

பணம் எங்கே போயிற்று?

அந்தப் பங்கை விலை ஆற்றியதா? 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே, உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்தபோது, மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை உயர்த்தியது. 2014-15 பொருளாதார ஆய்வறிக்கை இதைக் கரிம மானியத்திலிருந்து கரிம வரியை நோக்கிய நகர்வு என்று வருணித்தது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி கூடின. பெட்ரோல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 32.98 ரூபாய் ஆயிற்று. 2021இல் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தன் வரியில் மூன்று ரூபாயைக் குறைத்தது. நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய அரசும் வரியைக் குறைத்தது.

இத்தனைக்கும் நடுவே நாட்டின் பெட்ரோல் பயன்பாடு 2013-14இல் ஏறத்தாழ 1.7 கோடி டன்னாக இருந்தது 2023-24இல் 3.7 கோடி டன்னைத் தாண்டியது. இரு மடங்குக்கு மேல். டீசல் கார்களிலிருந்து திரும்பி வந்தவர்கள், உயர்ந்த வருமானம், பெருகிய வண்டிகள் என்று காரணங்கள் பல. விலை ஏறாதிருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்று வாதிடலாம். அது நியாயமான வாதமும்கூட. ஆயினும் விலை மட்டுமே கடிவாளம் என்று நம்பியவர்களுக்கு இந்த எண்கள் ஆறுதல் தருவனவல்ல.

எங்களை உறுத்தும் கேள்வி வேறு. அப்படித் திரட்டிய பணம் எங்கே போயிற்று? 32.98 ரூபாயில் 18 ரூபாய் சாலை மற்றும் உட்கட்டமைப்புக்கான மேல்வரி. அதில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. நிலக்கரிக்கு 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016இல் 400 ரூபாய் வரை உயர்ந்த தூய எரிசக்தி மேல்வரியும், 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது மாநிலங்களுக்கு இழப்பீடு தரும் நிதிக்குள் கரைந்துபோயிற்று. சுற்றுச்சூழலின் பெயரால் வசூலித்தது சுற்றுச்சூழலுக்கு வந்து சேரவில்லை என்று மக்கள் நினைத்தால், அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

பிற நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. பிரிட்டன் 1993 முதல் ஆண்டுதோறும் எரிபொருள் வரியைத் தானாக ஏற்றும் முறையைக் கைக்கொண்டது. 1999இல் அதைக் கைவிட நேர்ந்தது. அப்படியும் 2000 செப்டம்பரில் லாரிக்காரரும் உழவரும் சுத்திகரிப்பு ஆலைகளை மறித்து நாட்டையே நிறுத்தினர். 2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் சட்டைக்காரர் கிளர்ந்தெழுந்ததும் எரிபொருள் வரியின் பொருட்டே. அவர்களில் பெரும்பாலோர் ரயிலும் பேருந்தும் எட்டாத சிற்றூர்களில் வாழ்ந்து, காரில் வேலைக்குப் போனவர்கள். டிசம்பரில் அரசு அந்த வரியேற்றத்தைக் கைவிட்டது.

பேருந்தின் முறை

விலையேற்றம் முதலில் யாரை அடித்தது என்று பார்த்தால் இன்னொரு முரண் தெரியும். 2013 ஜனவரியில் மொத்தக் கொள்முதல் செய்வோருக்கு டீசல் சந்தை விலையில் தரப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது. மொத்தக் கொள்முதலாளர் யார்? அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். ஒரே நாளில் அவற்றுக்கு லிட்டருக்குப் பத்து ரூபாய் அளவில் விலை கூடியது. சொகுசுக் காருக்கோ சில்லறை விலையில் சலுகை தொடர்ந்தது. தமிழக அரசுப் பேருந்துகள் சாலையோர பங்குகளில் கார்களோடு வரிசையில் நின்று டீசல் நிரப்பிய விசித்திரக் காட்சியை அன்று கண்டோம். ஐம்பது பேரைச் சுமக்கும் வண்டிக்குக் கூடுதல் விலை, ஒருவரைச் சுமக்கும் வண்டிக்குக் குறைந்த விலை!

2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் கடுமையாக உயர்ந்தது. டீசல் விலையும் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மாணவர்கள் தெருவில் இறங்கினர். சில நாட்களில் அரசு சிறிது குறைத்தது. இரண்டு டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்து, அதற்குப் பதில் தவணையில் ஒரு மொபெட் வாங்கிவிடலாம் என்று தீர்மானித்த குடும்பங்களை நாம் அனைவரும் அறிவோம். எரிபொருள் விலையேற்றம் இங்கே ஒரு பயணியைப் பேருந்திலிருந்து இறக்கி, எரிபொருளின் பக்கமே அனுப்பிவைத்தது.

சமையலறையிலும் இதே விதிதான். 2006க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாக வழங்கிய எரிவாயு அடுப்புகள் எத்தனையோ வீடுகளில் விறகுப் புகையை ஓட்டின. சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் கொல்லையில் சீமைக்கருவேல விறகு மீண்டும் அடுக்கப்படுகிறது. அந்தப் புகையை முதலில் விழுங்குபவர் வீட்டுப் பெண்மணி.

மாறாக, 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, எவருக்கும் எதன் விலையையும் ஏற்றாமலே பேருந்துகள் நிரம்பின.

கால் என்ற சொல்

மீண்டும் அந்த மாலைப்பொழுதுக்கு வருவோம். வல்லம் வடகாலில் எங்கள் காரைச் சுற்றி நின்றவர்களுக்கு லிட்டர் இருநூறு ரூபாய் என்றால் என்ன மாற்று இருந்தது? இத்தனை ஆலைகள் நிற்கும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பயணிகள் ரயில் இல்லை. ஆலைகளின் கார்கள் வாலாஜாபாத் சென்று சரக்கு ரயிலேறுகின்றன. அவற்றைச் செய்யும் மனிதருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கம்பெனிப் பேருந்து வரும் வழியில் வீடு அமைந்தவர் பேருந்தில் போகிறார். ஒப்பந்தத் தொழிலாளியோ தன் பைக்கில் போகிறார். விலையேற்றம் அவருக்குத் தண்டனை. அவர் செய்த குற்றம் மட்டும் எதுவுமில்லை.

ஆனால் அதே வல்லம் வடகாலில் வேறொன்றும் நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து, மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். அவர்கள் எப்படித் தங்கவைக்கப்பட்டிருந்தனர் என்பது அப்போதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் சிப்காட் வளாகத்திலேயே 18,720 பெண்கள் தங்கும் விடுதித் தொகுதி திறக்கப்பட்டது, செலவு 706.50 கோடி ரூபாய். தொழிலாளர் நலனுக்காகவும் முதலீட்டை ஈர்ப்பதற்காகவும் கட்டியது. எரிபொருள் சிக்கனம் அதன் நோக்கங்களில் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தும், அத்தனை பேர் நாள்தோறும் நெடுந்தூரம் பேருந்தில் போய்வரும் தேவை குறைந்தால், மிச்சமாகும் டீசலை எந்த வரியும் மிச்சப்படுத்தியிராது. விடுதி வாழ்க்கை எல்லாருக்கும் ஏற்றதன்று. குடும்பத்தோடு வாழ விரும்புவோருக்கு வாடகைக்கு எட்டும் வீடு வேண்டும். ஆயினும் வேலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரமே எரிபொருளின் உண்மையான அளவுகோல் என்பதை அது காட்டிவிட்டது.

'கால்' என்பது நீர் ஓடும் வழிக்கு நம் முன்னோர் வைத்த பெயர். வடகால் என்று கேட்கும்போதே எங்களுக்கு ஏரியும் மதகும் நினைவுக்கு வருகின்றன. காலையில் நாங்கள் படித்த உத்திரமேரூர்க் கல்வெட்டும் அதையே பேசுகிறது. 919, 921ஆம் ஆண்டுகளின் அந்த ஆணைகளின்படி குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரில் அறுவர் ஏரி வாரியத்துக்கு உரியவர். பொதுவான நீரைக் காக்க அந்த ஊர் செய்த முதல் வேலை, யார் பொறுப்பு என்று எழுதிவைத்தது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு வரக்கூடாது என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டுப் பிராமணச் சபையின் ஒழுங்கை இன்றைக்கு அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அதில் எத்தனை பேருக்கு இடமில்லை என்பது நமக்குத் தெரியும். கணக்கு என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். எரிபொருள் விலையை உயர்த்துவது சுற்றுச்சூழலுக்கு மிகச்சிறந்த வழியா என்ற கேள்விக்கு எங்கள் விடை: இல்லை, ஆனால் அது வேண்டாத வழியும் அன்று. வரிசையில் அதன் இடம் மூன்றாவது. முதலில் பேருந்தும் ரயிலும் அருகில் வீடும் வேண்டும். இரண்டாவது, எரிபொருளுக்கும் வண்டிக்கும் கறாரான விதி வேண்டும். மூன்றாவதாக விலை, அதுவும் ஓர் எரிபொருளுக்கு ஏற்றி இன்னொன்றுக்குச் சலுகை தரும் பிழையில்லாமல், வசூலித்த ஒவ்வொரு ரூபாயும் எந்தப் பேருந்தாக வந்தது என்று கணக்குக் காட்டி. இந்த வரிசையைத் தலைகீழாக்கியபோதெல்லாம் ஒன்று கரும்புகை எழுந்தது, அல்லது மக்கள் எழுந்தனர்.

கட்டுரையை நண்பர்கள் இருவருக்கும் படித்துக்காட்டினோம். இருநூறு ரூபாய்க் கட்சிக்காரர் சற்று யோசித்துவிட்டு, "சரி, கணக்குக் காட்டட்டும், நானே முதலில் கொடுக்கிறேன்" என்றார். அடுப்புக் கட்சிக்காரர், "அடுத்தமுறை உத்திரமேரூருக்குப் பேருந்தில் போவோம்" என்றார். ஐவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.